ராஸ் தீவுக்கு நேதாஜி பெயர் வந்தாச்சு... அதைக் கட்டியவங்க பெயர் எங்கே?

அந்தமானுக்கு டூர் போய் வந்தவங்க போனில் இந்தப் படம் கண்டிப்பா இருக்கும். கூரை இல்லாத ஒரு செங்கல் சுவர், அதை இறுக்கிப் பிடித்திருக்கும் மர வேர்கள், பக்கத்தில் பயமே இல்லாமல் மேயும் ஒரு புள்ளிமான். அதுதான் ராஸ் தீவு. போர்ட் பிளேயர் துறைமுகத்தின் வாசலில், படகில் ஏறினால் கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். பரப்பளவு ஒரு சதுர கிலோமீட்டர்கூட கிடையாது.

2018 டிசம்பர் 30-ம் தேதி பிரதமர் மோடி இந்தத் தீவுக்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயர் மாற்றினார். 2023 ஜனவரியில், இதுவரை பெயரில்லாமல் இருந்த 21 தீவுகளுக்குப் பரம்வீர் சக்ரா விருது பெற்ற வீரர்களின் பெயர் சூட்டப்பட்டது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேயரே 'ஸ்ரீ விஜய புரம்' ஆனது. காலனி ஆட்சியின் அடையாளங்களை நீக்குவதுதான் நோக்கம் என்கிறது மத்திய அரசு. நோக்கத்தில் தப்பு சொல்ல முடியாது. ஆனால், இந்தக் குட்டித் தீவின் கதையைக் கேட்டால் வேறொரு கேள்வி வருகிறது.

யார் இந்த ராஸ்?

டேனியல் ராஸ் என்ற ஆங்கிலேயக் கடல் அளவையாளர். அவ்வளவுதான், அவருக்கும் தீவின் பிற்கால வரலாற்றுக்கும் பெரிய தொடர்பில்லை. 1789-ல் ஆர்ச்சிபால்ட் பிளேயர் இங்கே ஒரு குடியேற்றத்தைத் தொடங்கினார். அது சில ஆண்டுகளில் வடக்கு அந்தமானுக்கு மாற்றப்பட்டு, நோய் தாக்கியதால் 1796-ல் கைவிடப்பட்டது. அதன்பிறகு 60 ஆண்டுகளுக்கும் மேலாக ஆங்கிலேயர்கள் இந்தப் பக்கம் குடியேறவே இல்லை.

அவர்களைத் திரும்ப வரவைத்தது 1857 கிளர்ச்சி. பிடிபட்டவர்களை எங்கே அடைப்பது? 1858 மார்ச் 10-ம் தேதி 200 கைதிகளோடு 'செமிராமிஸ்' கப்பல் வந்து சேர்ந்தது. பொறுப்பாளர், ஆக்ரா சிறையில் பணியாற்றிய டாக்டர் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர். சுற்றிலும் கடல், எதிரே காடு. சுவரே தேவைப்படாத சிறை!

செல்லுலார் சிறை கட்டி முடிக்கப்பட்டது 1906-ல்தான். 'காலாபானி' என்றதும் நம் நினைவுக்கு வரும் அந்தக் கட்டடத்துக்கு அரை நூற்றாண்டு முன்பே, ராஸ் தீவின் காட்டை வெட்டிச் சுத்தம் செய்தவர்கள் இந்தக் கைதிகள். தப்பி ஓடிப் பிடிபட்டவர்களில் 80-க்கும் மேற்பட்டோரை வாக்கர் ஒரே நாளில் தூக்கிலிட்டார். வந்து சில மாதங்கள்கூட ஆகவில்லை.

பிறகு அதே தீவில் தலைமை ஆணையர் மாளிகை, தேவாலயம், நடன அரங்கு, டென்னிஸ் மைதானம், நீச்சல் குளம், பேக்கரி, அச்சகம் எல்லாம் வந்தன. 'கிழக்கின் பாரிஸ்' என்றார்களாம். அந்தப் பாரிஸில் யார் நடனம் ஆடினார்கள், யார் செங்கல் சுமந்தார்கள் என்பதை டூரிஸ்ட் கையேடுகள் பெரும்பாலும் பிரித்துச் சொல்வதில்லை.

துத்நாத் திவாரி: துரோகியா, ஹீரோவா?

அந்தமானில் இன்றும் சொல்லப்படும் கதை இது. 1858-ல் தப்பியோடிய சிப்பாய்க் கைதி துத்நாத் திவாரி, காட்டில் அந்தமானிய பழங்குடியினரிடம் சிக்கினார். அவர்கள் அவரைக் கொல்லவில்லை. தங்களில் ஒருவராகவே ஏற்றுக்கொண்டார்கள். அங்கேயே திருமணமும் நடந்தது. ஒரு வருடம் கழித்து, 1859 மே மாதம், பழங்குடியினர் ஆங்கிலேயக் குடியேற்றத்தின் மீது பெரும் தாக்குதலுக்குத் தயாரானபோது, திவாரி ஓடிவந்து வாக்கரிடம் தகவல் சொல்லிவிட்டார். வில் அம்புக்கு எதிராகப் பீரங்கி. அபர்தீன் போர் என்று அழைக்கப்படும் அந்த மோதலில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று யாரும் எண்ணி வைக்கவில்லை. திவாரிக்கு மன்னிப்பும் விடுதலையும் கிடைத்தது.

தன் சக கைதிகளைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தார் என்று அவருக்காக வாதாடுபவர்களும் உண்டு. இரண்டையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆங்கிலேயர் ஏன் வெளியேறினார்கள்?

1941 ஜூன் 26-ல் பெரும் நிலநடுக்கம். தீவில் கட்டடங்கள் சேதமாகின. தீவே இரண்டாகப் பிளந்தது என்று உள்ளூரில் இன்னும் சொல்வார்கள், அது கொஞ்சம் மிகை. அடுத்த ஆண்டு மார்ச் 23-ல் ஜப்பானியப் படை வந்து இறங்கியது. அவர்கள் கட்டிய பதுங்கு அறைகள் இன்றும் தீவில் இருக்கின்றன. 2004 சுனாமியில் போர்ட் பிளேயருக்குக் கேடயமாக நின்றதும் இந்தத் தீவுதான் என்பது படகோட்டிகள் தவறாமல் சொல்லும் தகவல்.

நேதாஜிக்கும் தீவுக்கும் என்ன தொடர்பு?

1943 டிசம்பர் 29-ல் நேதாஜி அந்தமான் வந்தார். ராஸ் தீவில் இருந்த தலைமை ஆணையர் மாளிகையில் தங்கினார். மறுநாள் போர்ட் பிளேயரில் மூவர்ணக் கொடி ஏற்றினார். அதன் 75-வது ஆண்டு நாளில்தான் பெயர் மாற்றம் நடந்தது. ஆக, தொடர்பு உண்மையானது.

ஆனால் அந்த நாட்களின் இன்னொரு பக்கம் கசப்பானது. பெயரளவில் தீவுகள் ஆசாத் ஹிந்த் அரசுக்கு வந்தாலும், அதிகாரம் ஜப்பானியக் கடற்படையிடமே இருந்தது. நேதாஜி வந்த அதே நேரத்தில், டாக்டர் திவான் சிங் செல்லுலார் சிறையில் ஜப்பானியர்களின் சித்திரவதையை அனுபவித்துக்கொண்டிருந்தார். இரண்டே வாரத்தில் உயிரிழந்தார். 1944 ஜனவரி 30-ல் ஹம்ஃப்ரிகஞ்சில் 44 பேர் உளவாளிகள் என்ற குற்றச்சாட்டில் சுட்டுக் கொல்லப்பட்டனர். உள்ளூர் மக்கள் நேதாஜியிடம் மனம் விட்டுப் பேச ஜப்பானியர்கள் இடம் தரவில்லை என்றே பல வரலாற்று ஆசிரியர்கள் எழுதுகிறார்கள்.

நடுவில் சோழர் எங்கே வந்தார்கள்?

போர்ட் பிளேயர் பெயரை மாற்றியபோது, சோழப் பேரரசின் கடற்படைத் தளமாக இருந்த தீவுகள் இவை என்று குறிப்பிட்டார் மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா. ராஜேந்திர சோழனின் கல்வெட்டில் மாநக்கவாரம் என்று வருவது நிக்கோபார்தான். சுதந்திரப் போராட்டத்தின் வெற்றியைக் குறிக்கும் பெயர் இது என்பது அரசின் விளக்கம். இருந்தாலும், ஸ்ரீவிஜயம் என்பது சுமத்ராவை மையமாகக் கொண்ட பேரரசின் பெயர். ராஜேந்திரன் 1025-ஐ ஒட்டிப் படையெடுத்துத் தாக்கிய நாடும் அதுவே. சோழர் பெருமையையும் தோற்றவர் பெயரையும் ஒன்றாகச் சேர்த்தது தமிழ் வாசகர்களுக்கு லேசாகப் புருவத்தை உயர்த்தும்.

விடுபட்டவர்கள் யார்?

ராஸ், நேதாஜி, ராணுவ வீரர்கள், ஸ்ரீவிஜயம். இந்தப் பட்டியலில் எங்கும் கிரேட் அந்தமானிய மொழிச் சொல் ஒன்றுகூட இல்லை. இத்தனைக்கும் 1863-ல் பாதிரியார் ஹென்றி கார்பின் 'அந்தமான் இல்லம்' தொடங்கியது இதே ராஸ் தீவில்தான். பழங்குடியினரை 'நாகரிகப்படுத்த' என்று சொல்லி, கிளம்பிப் போகவும் விடாமல் காவலில் வைத்திருந்தார்கள். சிலரைக் கல்கத்தாவுக்குக் கூட்டிப்போய் வேடிக்கைப் பொருளாகக் காட்டினார்கள். வெளியாட்களோடு வந்த தட்டம்மையும் சிபிலிஸும் மிச்சத்தை முடித்தன.

1858-ல் சில ஆயிரம் பேராக இருந்தவர்கள், 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 19 பேர். போ மொழி பேசிய கடைசி மனிதரான போவா சீனியர் 2010 ஜனவரியில் இறந்தார். இப்போது மிஞ்சியிருப்பவர்கள் சுமார் 50 பேர். அரசு அவர்களைக் குடியமர்த்திய ஸ்ட்ரெய்ட் தீவுக்குச் சுற்றுலாப் பயணிகள் போக அனுமதி இல்லை.