நர்சம்மா வீட்டுப் பிள்ளைகள்

அப்பத்தா இறந்தபோது அடித்த கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் அப்பாவின் பேருக்குப் பக்கத்தில் 'மின்வாரியம், ஓய்வு' என்று போட்டோம். சித்தப்பாவுக்குக் கடைப் பெயர். பேரப்பிள்ளைகளின் பட்டங்களில் ஒரு புள்ளிகூட விடுபடவில்லை. அப்பத்தாவுக்கு மட்டும் 'அமரர் இன்னாரின் துணைவியார்'. புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் 34 வருஷம் நர்சாக இருந்தவர். அந்தக் கணக்கே பென்ஷன் காகிதத்தைப் பார்த்துப் பிறகு தெரிந்துகொண்டதுதான். சுவரொட்டியின் வாசகத்தைச் சரிபார்த்தவன் நான்.

பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று எங்கள் வீட்டு விசேஷங்களைப் புதன்கிழமையில் வைப்போம். அவருக்கோ அது தடுப்பூசி நாள். என் காதுகுத்துக்கு அவர் வந்து சேர்ந்தபோது பந்தியே முடிந்திருந்ததாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். தேதியை மாற்றியிருக்கலாம் என்று ஒருவரும் சொன்னதில்லை. கண்ணாடி சிரிஞ்சை அவர் 20 நிமிஷம் கொதிக்கவிடுவார். அடுப்பு ஒழியவில்லை, காப்பி வரவில்லை என்று முணுமுணுத்தோம். அவர் ஓய்வு பெற்றதும் சிரிஞ்சு கொதித்த அந்த எவர்சில்வர் டப்பாவைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டாயிற்று. தின்றதில் எனக்கும் பங்குண்டு.

எங்களுக்குத் தேவைப்பட்டால் மட்டும் அவர் நர்ஸ். தாத்தாவுக்குச் சர்க்கரை ஊசி, அக்காவுக்கு எட்டாம் மாதத்துக் கால்வீக்கம் என்று எந்த நேரமும் எழுப்புவோம். அவர் படுக்கையில் விழுந்த கடைசி இரண்டு வருஷம் நாங்கள் ஆள் போட்டோம். சம்பளத்தை எல்லோருமாகப் பங்கிட்டுக்கொண்டதில் ஒரு பெருமைகூட. வீடியோ காலில் "சாப்டியா அப்பத்தா?" என்போம்; பதில் வருவதற்குள் சிக்னல் சரியில்லை என்று வைத்துவிடுவோம். சிக்னல் பெரும்பாலும் நன்றாகத்தான் இருந்தது.

பதினாறாம் நாள் காரியத்தில், அப்பத்தாவைப் பார்த்துக்கொண்ட அந்தப் பெண் கேட்டாள்: "ஏண்ணே, பாட்டி அம்மை குத்தப் போன கதை உங்களுக்குத் தெரியும்ல?"

தெரியாது. மாரியாத்தா இறங்கிய தெருவில் ஊசி என்றால் தெய்வக்குத்தம் என்று சனங்கள் வேப்பிலை செருகிக் கதவைச் சாத்திக்கொண்ட காலம். அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து, ஆத்தாவுக்கு என்றைக்குக் கூழ் ஊற்றுகிறீர்கள் என்று உள்ளே பார்த்துப் பேச்சுக் கொடுப்பாராம். எழுந்திருக்கவே மாட்டாராம். பொழுது சாயும்போது கதவு திறக்குமாம். முதலில் மாமியார்தான் கையை நீட்டுவாளாம். 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை ஓய்ந்தது. அப்பா கையில் இருக்கிற அம்மை குத்திய தழும்பு என் கையில் இல்லை. ஏன் இல்லை என்று ஒரு தடவை கேட்டிருந்தால் கதை அவர் வாயாலேயே கிடைத்திருக்கும்.

இது எங்கள் வீட்டோடு நிற்கிற சங்கதி என்று தோன்றவில்லை. பாட்டியின் மீன்குழம்புக்கு நம் வீடுகளில் இருக்கிற ஞாபகம் பாட்டி பார்த்த வேலைக்கு இல்லை.

அந்தப் பெண் இப்போது தஞ்சாவூரில் வேறொரு பாட்டியைப் பார்த்துக்கொள்கிறாள். ஞாயிறு சாயங்காலம் நாங்கள் கூப்பிடுகிறோம். அக்கா ஒரு நோட்டில் எழுதிக்கொள்கிறாள். இதுவரை பதினோரு பக்கம். போன வாரம், வெள்ளத்தில் ஆற்றைத் தாண்டிப் பிரசவம் பார்க்கப் போன கதை. அப்பத்தா இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கியிருந்தபோது, அங்கே அந்தப் பாட்டியின் குரல் கேட்டது.

"கூப்பிடுறாங்கண்ணே, அடுத்த வாரம் சொல்றேன்" என்று வைத்துவிட்டாள்.