மூட்டையை அவிழுங்கள்!

பிறந்த ஊருக்குத் திரும்ப ஆசைப்படாத மனிதர் உண்டா? பிழைக்கப் போன இடத்தில் மாடி வீடு கட்டிக்கொண்டவருக்கும், கண்ணை மூடினால் தெரிவது பழைய வீட்டுக் கிணற்றடிதான். தாமாகப் போனவர்களுக்கே இப்படியென்றால், எதிரியின் வாள் முனையில் நடத்திச் செல்லப்பட்டவர்களின் மனம் என்ன பாடு பட்டிருக்கும்!

கி.மு. 597-ல் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் எருசலேம் நகரைப் பிடித்தான். யூதா நாட்டின் இளம் அரசன் யோயாக்கீன், அவன் தாயார், மனைவிமார், பிரபுக்கள், கைத்தொழில் தெரிந்த தச்சர், கொல்லர் எல்லாரையும் சிறைப்பிடித்துக்கொண்டு போனான். அத்தனை பேர் மனத்திலும் ஒரே கேள்வி: "எப்போது திரும்புவோம்?"

எருசலேமில் அனனியா என்றொரு தீர்க்கதரிசி இதற்கு இனிக்க இனிக்கப் பதில் சொன்னார். இரண்டே வருஷமாம்!

எரேமியா சொன்ன பதிலோ கசந்தது. பாபிலோனுக்குப் புறப்பட்ட அரச தூதர்கள் கையில் அவர் ஒரு கடிதம் கொடுத்தனுப்பினார். பைபிளின் பழைய ஏற்பாட்டில் அது இருக்கிறது. கடவுள் உங்களைச் சிதறிக் கிடக்கும் இடங்களிலிருந்தெல்லாம் கூட்டிச் சேர்ப்பார். ஆனால் எழுபது வருஷம் ஆகும் என்றார். அதுவரையில் என்ன செய்வது? வீடு கட்டிக் குடியிருங்கள். தோட்டம் போட்டு விளைந்ததைச் சாப்பிடுங்கள். பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் கல்யாணம் செய்து வையுங்கள். நீங்கள் இருக்கும் அந்த ஊர் நன்றாக இருக்கவும் வேண்டிக்கொள்ளுங்கள்!

சற்று யோசித்துப் பாருங்கள். சிறைப்பிடித்தவனுடைய ஊருக்காகப் பிரார்த்தனையா? அதுகூடப் போகட்டும். எழுபது வருஷமென்றால், கடிதம் கேட்டவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பப் போவதில்லை. அந்தப் பாக்கியம் பேரன் பேத்திகளுக்குத்தான்.

ஆனாலும் அனனியாவை நம்பிய ஒரு குடும்பத் தலைவியை நினைத்துப் பார்க்கிறேன். அவள் மூட்டையை அவிழ்க்கமாட்டாள். "நாளைக்கே புறப்படப் போகிறோமே" என்று வாசலில் ஒரு செடி வைக்கமாட்டாள். பெண்ணுக்கு வரும் வரனையும் தட்டிக் கழிப்பாள். இரண்டு வருஷம் கழிந்ததும் அவளுக்கு மிஞ்சுவது ஏமாற்றம் ஒன்றுதான். எரேமியாவை நம்பியவளோ, ஒரு பாட்டம் அழுது தீர்த்துவிட்டு, அடுப்புக்குக் கல் தேடப் போயிருப்பாள்.

அவர்கள் அங்கே குடித்தனம் நடத்தியதற்கு அத்தாட்சி உண்டு. பாபிலோனிய மண்ணில் கிடைத்த களிமண் ஏடுகளில், 'யூதாவின் ஊர்' என்றே பெயர் கொண்ட ஒரு கிராமம் வருகிறது. நிலக் குத்தகை, கடன், பார்லியும் பேரீச்சம்பழமும் கொடுத்து வாங்கிய கணக்கு எல்லாம் அவற்றில் பதிவாகியிருக்கின்றன. ஒரு கல்யாண ஒப்பந்தம்கூட இருக்கிறது!

இதற்கிடையில், கி.மு. 586-ல் எருசலேம் ஆலயம் தீக்கிரையாயிற்று. மேலும் பலர் சிறைப்பட்டுப் போனார்கள். எரேமியா மட்டும் நம்பிக்கையைக் கைவிடவில்லை. கடவுள் யார் யாரைத் திரும்ப அழைத்து வருவார் என்று அவர் சொன்ன பட்டியலைக் கேளுங்கள்: குருடர், முடவர், கர்ப்பிணி, பிரசவ வேதனையில் இருப்பவள்! வேகமாக நடக்க முடியாதவர்களை வழியில் விட்டுவிட்டுப் போகிற பயணம் அல்ல அது.

கி.மு. 539-ல் பாரசீக அரசன் கோரேஸ் பாபிலோனைப் பிடித்தான். ஊர் திரும்ப அனுமதியும் தந்தான். திரும்பியவர்கள் 42,360 பேர் என்கிறது எஸ்றாவின் புத்தகம். அவர்களோடு வேலைக்காரர்கள், 200 பாடகர்களும் பாடகிகளும், 6,720 கழுதைகள்! பாபிலோனிலேயே வேர் விட்டுத் தங்கிவிட்டவர்களும் அநேகர்.

எருசலேமில் புது ஆலயத்துக்கு அஸ்திவாரம் போட்ட அன்று ஒரு விசித்திரம் நடந்தது. பழைய ஆலயத்தைச் சிறு வயதில் கண்ணால் கண்டிருந்த கிழவர்கள் உரக்க அழுதார்கள். மற்றவர்கள் ஆனந்தத்தில் ஆர்ப்பரித்தார்கள். எது அழுகை, எது ஆரவாரம் என்று பிரித்தறிய முடியாதபடி அந்தச் சத்தம் வெகுதூரம் கேட்டதாம்.

அழுதவர்கள் இழந்ததை நினைத்து அழுதார்கள். ஆர்ப்பரித்தவர்களில் பலர் அந்த ஊரை அதற்குமுன் பார்த்ததே இல்லை. பார்க்காத ஊரின் மேல் அத்தனை ஆசை அவர்களுக்கு எப்படி வந்தது? அறுபது வருஷத்துக்கு முன் மூட்டையை அவிழ்த்து, அந்நிய மண்ணில் அடுப்பு மூட்டி, பேரக் குழந்தைகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே ஊர்க் கதை சொன்ன பாட்டிமார்களால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்கு?