ஆபீஸில் மலையேறச் சொன்னால்...

போன வருஷம் ஒரு நாள் ஆபீஸிலிருந்து வந்ததும் மாமியாரிடம், "அத்தை, ஆபீஸ்ல எல்லாரும் சேர்ந்து மலையேறணுமாம், கயித்துல தொங்கணுமாம்" என்றேன். அவர் கீரை ஆய்வதை நிறுத்திவிட்டு, "ஏம்மா, கயித்துல தொங்கினாத்தான் சம்பளம் குடுப்பாங்களா?" என்று கேட்டார்.

சிரிக்காதீர்கள். ஒன்றாக வேலை செய்பவர்களுக்குள் ஒற்றுமை வளர வேண்டுமென்று இப்போது பல கம்பெனிகளில் இப்படி அழைத்துப் போகிறார்கள். நாளைக்கு உங்கள் மகளோ மருமகளோ வந்து, "என்ன செய்யட்டும்?" என்று கேட்கலாம்.

அந்தத் தடவை இடத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் மூன்று ஆண்கள். மே மாதத்தில் நாலு மணி நேர மலைநடை. வழியில் கழிப்பறை கிடையாது. அவர்களுக்கு அது தோன்றவில்லை. எங்களுக்குக் கேட்க வெட்கம். அதனால் பெண்கள் எல்லோரும் என்ன செய்தோம் தெரியுமா? காலையிலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை! பாதி வழியில், கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் முகம் வெளுத்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நிழலில் படுக்க வைத்து, கால்களைச் சற்று உயர்த்தி, துப்பட்டாவை நனைத்துக் கழுத்திலும் நெற்றியிலும் ஒற்றினோம். தெளிந்த பிறகு சர்க்கரையும் உப்பும் கரைத்த தண்ணீரை வாய் வாயாகக் கொடுத்தோம். (ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்குத் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இந்த அளவு மாறக்கூடாது.)

"முடியாதுன்னா ஏன் வந்தே?" என்று கடிந்துகொண்டேன்.

"வரலேன்னா, குழந்தை பெத்ததும் இவ லாயக்கில்லாம போயிட்டான்னு நினைச்சுடுவாங்களோன்னுதான்க்கா..."

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்த வருஷம், "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று நானே முன்வந்தேன். எல்லோரிடமும் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்து, 'எதைச் செய்ய இயலாது' என்று மட்டும் எழுதச் சொன்னேன். பெயர் வேண்டாம், காரணமும் வேண்டாம். சபையில் கேட்டால் யார் வாய் திறப்பார்கள்? ஆனாலும் சிலர் காரணத்தையும் எழுதியிருந்தார்கள். ஒருத்தி மூன்று மாதக் கர்ப்பிணி. ஒருவருக்கு இதயத்தில் ஸ்டென்ட். இரண்டு பேருக்கு நீச்சல் தெரியாது. 'உயரம் என்றால் தலை சுற்றும்' என்று ஒரு சீட்டு.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு ஏலகிரிக்குப் போனேன். சுமார் 1,100 மீட்டர் உயரம். 14 கொண்டை ஊசி வளைவுகள். (ஏழாவது வளைவிலேயே அவருக்கு வாந்தி!) விடுதிக்காரர் கம்பியில் தொங்கியபடி பறக்கும் விளையாட்டைக் காட்ட ஆவலாக இருந்தார். நானோ முதலில் கழிப்பறையைக் காட்டச் சொன்னேன். தாழ்ப்பாள் விழுகிறதா, தண்ணீர் வருகிறதா, மூடி போட்ட குப்பைத்தொட்டி இருக்கிறதா, பால் கொடுக்கும் தாய்க்குத் தனி அறை உண்டா? அதற்குப் பிறகுதான் கயிறு.

இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் வார்ப்பட்டையை நானே கையில் வாங்கித் தையல் பிரிந்திருக்கிறதா என்று பார்த்தேன். பருமனான பெண்ணுக்கும் ஒல்லியான பெண்ணுக்கும் தனித்தனி அளவு வேண்டும். ஒரு கயிறு கைவிட்டாலும் தாங்க இரண்டாவது கயிறு வேண்டும். துப்பட்டா, தொங்கும் சங்கிலி, வளையல் எதுவும் கூடாது. பின்னலைச் சுருட்டிக் கட்டிவிட வேண்டும். கர்ப்பிணிகள் இதன் பக்கமே போகக்கூடாது. பட்டை வயிற்றை அழுத்தும், விழுந்தாலோ கேட்கவே வேண்டாம். வலிப்பு உள்ளவர்களுக்கு உயரமும் வேண்டாம், நீரும் வேண்டாம். ஆஸ்துமாக்காரர்கள் இன்ஹேலரைப் பஸ்ஸில் பையோடு விட்டுவிடாமல் கையோடு வைத்திருக்க வேண்டும்.

காட்டுக்குள் நடப்பதென்றால் இன்னொரு கேள்வியும் உண்டு: வனத்துறை அனுமதி இருக்கிறதா? 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறியவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. இறந்தவர்கள் 20 பேருக்கும் மேல், பலர் இளம்பெண்கள். அதை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது. 2024-இல் வனத்துறையே 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 40 பாதைகளைத் திறந்தது. எளிது, நடுத்தரம், கடினம் என்று தரம் பிரித்து, உள்ளூர் வழிகாட்டிகளோடு அனுப்புகிறார்கள். தீ அபாயமுள்ள மாதங்களில் மூடிவிடுவார்கள். மூடியிருக்கும்போது, "நமக்குத் தெரிஞ்ச வழி ஒண்ணு இருக்கு" என்று யாராவது அழைத்தால் நம்பிப் போகாதீர்கள்.

ஜனவரியில் போய்வந்தோம். காலையில் சின்ன நடை. பிறகு எல்லோருக்கும் மிதவைச் சட்டை மாட்டி புங்கனூர் ஏரியில் படகு. மத்தியானம் வரைபடத்தைப் பார்த்துப் பொருள்களைத் தேடும் விளையாட்டு. கர்ப்பிணிப் பெண்தான் எங்கள் அணிக்கு வழிகாட்டி. "இடப்பக்கம் போங்க, அந்தப் பலா மரம்!" என்று அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே விரட்டிய விரட்டு இருக்கிறதே! கயிறு, விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும். போன வருஷம் மயங்கியவள் இரண்டு முறை பறந்துவிட்டு, மூன்றாவது முறைக்கும் வரிசையில் நின்றாள்.

எங்கள் மேனேஜர் மட்டும் அந்தப் பக்கமே வராமல், சமையல்காரரோடு உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். "நீங்க போகலையா சார்?" என்று கேட்டேன்.

"சீட்டுல எழுதியிருந்தேனேம்மா, நீங்க பாக்கலையா?" என்றார்.