உப்பு மூட்டை அல்ல, உயிர்

மரக்காணத்தில் உட்கார்ந்துகொண்டு நாய்க்கு விமானக் கூண்டு பற்றி எழுதுகிறானே என்று சிரிக்காதீர்கள். பிள்ளைகள் வெளிநாட்டில், அவர்கள் வளர்த்த நாய் நம்மிடம். ஒருநாள் "அனுப்பி வைங்கப்பா" என்று போன் வரும். அப்போது பலரும் கூண்டில்தான் காசு மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள்.

காரணம் தெரிந்ததுதான். விமானச் சரக்கில் பெட்டி அடைக்கும் இடத்துக்கும் கட்டணம் உண்டு: 6000 கன சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. 110 செ.மீ. நீளம், 44 அகலம், 85 உயரமுள்ள கூண்டு 68 கிலோவுக்கு மேல் கணக்காகும். உள்ளே நிற்கும் ராஜபாளையம் 30 கிலோதான் என்றாலும்! உடனே, "ஒரு சைஸ் குறைச்சுக்கலாம் சார், சில மணி நேரம்தானே" என்று யோசனை சொல்ல ஆள் வரும். கேட்காதீர்கள்.

பணப்பையை அளக்காமல் நாயை அளங்கள். சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் கணக்கு எளிது. மூக்கு நுனியிலிருந்து வாலின் அடிவரை அளந்து, தரையிலிருந்து முன்னங்கால் முழங்கை வரையுள்ள உயரத்தில் பாதியைச் சேர்த்தால் நீளம். தோள் அகலத்தைப் போல இரு மடங்கு அகலம். நிற்கும்போது தலையோ காது நுனியோ, எது உயரமோ அதோடு விரிப்பின் கனம் சேர்ந்தால் உயரம். சப்பை மூக்கு இனமென்றால் இன்னும் 10 சதவீதம் கூட்டுங்கள்.

நாய் உடம்புச் சூட்டைத் தணிப்பது பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான். சித்திரை வெயிலில் இடுக்கமான கூண்டில் காத்துக் கிடந்தால் அது என்ன பாடுபடும்? மயக்க மருந்து கொடுத்துச் சமாளிப்பது அதைவிட ஆபத்து.

உப்பை அமுக்கி மூட்டை தைக்கலாம். உயிரை அமுக்கக் கூடாது. சரியான கூண்டுக்குக் காசில்லையா? நாய் நம் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கட்டும்.