குளிசையை நிறுத்தச் சொல்ல நாம் யார்?



நோன்பு நெருங்கினால் மாம்புரியில் ஒரு பேச்சு தொடங்கிவிடும். "மண்டைக்குக் குடிக்கிற குளிசைய விடு, முப்பது நோன்பும் பிடி, எல்லாம் சுகமாகும்." சொல்பவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் அதன் விளைவைச் சுமப்பது அவரில்லை.

நம் ஊர் மீனவர் ஒருவர் பைபோலர் நோய்க்கு லித்தியம் குடித்து வந்தார். குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறோம், பெயர் கேட்காதீர்கள். அவருக்குக் கை நடுங்கியது. கிழிந்த வலையைத் தைக்க முடியவில்லை. ஓயாத தாகம், இரவில் நாலைந்து தடவை எழும்ப வேண்டும். கரையில் இருந்த நாங்கள் "மருந்து ஆளைத் தின்னுது" என்றோம். இந்தப் பதிவை எழுதுகிறவர்களும் அதில் அடக்கம். அவர் நிறுத்தினார்.

சில கிழமைகளில் தூக்கம் போனது. இரவிரவாகப் பேச்சு, பெரிய பெரிய திட்டங்கள். படகு எஞ்சினைப் பாதி விலைக்கு விற்றார். அப்போது "ஜின் பிடிச்சிருக்கு" என்றதும் அதே வாய்கள்தான்.

அவருடைய கை நடுக்கம் பொய்யில்லை. பக்க விளைவே இல்லை என்று சொல்பவரும் நோயாளியை ஏமாற்றுகிறார். ஆனால் அந்த நடுக்கத்துக்கு வழி இருந்தது. இரத்தத்தில் லித்தியம் எவ்வளவு என்று பார்த்து அளவைக் குறைக்கலாம். நடுக்கத்துக்கென்றே வேறு குளிசை தரலாம். லித்தியம் ஒத்துவராவிட்டால் மருந்தையே மாற்றலாம். இதையெல்லாம் செய்யக்கூடியவர் கிளினிக்கில் இருந்தார். அவரிடம் யாரும் சொல்லவில்லை, கரையில் எல்லோரிடமும் சொன்னோம்.

லித்தியத்தை 1949இல் ஜோன் கேட் என்ற அவுஸ்திரேலிய மருத்துவர் இந்த நோய்க்குப் பயன்படுத்தினார். இன்றும் அது முதல்வரிசை மருந்து, தற்கொலையையும் குறைக்கிறது. ஆனால் கவனம் கேட்கும் மருந்து. உடலில் தண்ணீரும் உப்பும் குறைந்தால் இரத்தத்தில் அதன் அளவு ஏறும். நம் வெயிலில் தோட்டத்திலும் கடலிலும் வேர்க்கிறவருக்கு, வயிற்றோட்டம் வந்தவருக்கு, இது விளையாட்டல்ல. மூட்டுவலிக்குப் பாமசியில் கேட்டு வாங்கும் இபுப்ரூபன், டைக்ளோபெனாக்கும் ஏற்றும். சில பிரஷர் குளிசைகளும் அப்படித்தான். நடுக்கம் கடுமையானால், வாந்தி வந்தால், பேச்சுக் குழறினால், நடை தள்ளாடினால் அடுத்த குளிசையைக் குடிக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது லித்தியம் அளவு, சிறுநீரகம், தைரொயிட் பார்க்க வேண்டும். ஒலன்சபின் குடிப்பவர் நிறையையும் சீனியையும் பார்க்க வேண்டும். வல்ப்ரோயேட் குடிக்கும் நம் பெண்பிள்ளைகளுக்குக் கலியாணம் பேசுமுன் டொக்டரிடம் பேசுங்கள். கர்ப்பத்தில் அந்த மருந்து பிள்ளையைப் பாதிக்கும். அதற்காக அவர்களாகவே நிறுத்தவும் கூடாது.

நோன்புக்கு வருவோம். லித்தியம் குடிப்பவர் ரமழானுக்கு முன்பே டொக்டரிடம் கேட்க வேண்டும். சிலருக்கு நேரத்தை மாற்றித் தருவார்கள், சிலருக்குப் பிடிக்க வேண்டாம் என்பார்கள். நோயாளிக்கான சலுகை அல்பகரா 184, 185ஆம் ஆயத்துகளில் இருக்கிறது. அல்லாஹ் தந்த சலுகையைப் பறிக்க நமக்கு யார் அதிகாரம் தந்தது? ஓதிப் பாருங்கள், துஆ செய்யுங்கள், யாரும் தடுக்கவில்லை. குளிசையையும் கொடுத்துவிட்டு ஓதுங்கள்.

பள்ளி நிர்வாகத்திடம் ஒரு வேண்டுகோள்: ரமழானுக்கு முந்திய ஜும்ஆ ஒன்றில் இதைச் சொல்லுங்கள். வீட்டாரிடம்: கிளினிக்குக்குத் தனியே அனுப்பாதீர்கள், பக்க விளைவுகளைத் துண்டில் எழுதிக் கொடுங்கள். கூட்டத்தில் இரண்டு நிமிடம்தான் கிடைக்கும், துண்டு மறக்காது. கிளினிக்கில் இருப்பவர்களிடம்: மருந்து எழுதும்போதே "கை நடுங்கினால் நிறுத்தாதே, வந்து சொல்" என்ற ஒரு வசனத்தைத் தமிழில் சொல்லிவிடுங்கள்.

இரவில் நிலைமை மீறினால் அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இருக்கிறது. அங்கொடை என்ற சொல்லைக் கேலிக்குப் பாவித்தது போதும்.

அடுத்த முறை ஒருவர் "குளிசை ஒத்துக்கொள்ளுதில்ல" என்றால் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "டொக்டர்கிட்ட சொன்னீங்களா? வாங்க, நான் கூட வாறேன்."