எத்தனை குதிரைகள் வேண்டும்?

காலை எட்டரை மணிக்குக் கூடுவாஞ்சேரியில் ஜி.எஸ்.டி. சாலையோரம் சற்று நின்று பாருங்கள். 180 குதிரைத்திறன் என்று விளம்பரத்தில் பெருமை பேசப்படும் பெரிய கார் ஒன்று நிற்கும். அதன் பக்கத்திலேயே, 10 குதிரைத்திறன் அளவே கொண்ட ஷேர் ஆட்டோ ஒன்று உறுமிக்கொண்டிருக்கும். வழி கிடைத்ததும் இரண்டும் ஊரப்பாக்கம் நோக்கி ஒரே வேகத்தில்தான் ஊர்கின்றன. சில நாள்களில் ஆட்டோ முந்திவிடுவதும் உண்டு!

ஆயினும், "எந்தக் கார் நல்ல கார்?" என்று மாணவர்களைக் கேட்டால், குதிரைத்திறன் எண்ணைத்தான் முதலில் சொல்லுகிறார்கள். குதிரைகள் கூடினால் ஓட்டும் இன்பமும் கூடும் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு தவறு என்பது என் கருத்து.

75 கிலோ எடையை ஒரு விநாடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்கும் திறனே ஒரு குதிரைத்திறன். ஏறத்தாழ 736 வாட். 50 கிலோ எடையுள்ள மாணவர் ஒருவர், ரயில் நிலைய நடைமேம்பாலத்தின் படிகளில் 6 மீட்டர் உயரத்தை 8 விநாடிகளில் ஏறிவிட்டால், அந்த நேரத்துக்கு அவர் அரைக் குதிரை. (கூட்டமில்லாத வேளையில் ஏறிப் பாருங்கள்.)

இப்போது ஒரு சிறிய காரை எடுத்துக்கொள்வோம். இரண்டு ஆட்களுடன் சேர்த்து அதன் நிறை 800 கிலோ. சமதளச் சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அது சீராகச் செல்லச் சக்கரங்களுக்கு எவ்வளவு திறன் வேண்டும்? டயரின் உருளல் தடை, காற்றின் தடை இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் சுமார் 5 குதிரைத்திறன்தான் வருகிறது. 80 கிலோமீட்டர் வேகத்துக்குப் பத்து. 120-க்கோ 26. வேகம் இரட்டித்தால் காற்றை எதிர்க்கத் தேவைப்படும் திறன் எட்டு மடங்காவதே இந்தத் தாவலுக்குக் காரணம்.

அப்படியானால் 180 குதிரைகளில் மற்றவை என்ன செய்கின்றன? பெரும்பாலும் சும்மா நிற்கின்றன. விரைந்து வேகமெடுக்கும்போது மட்டும் அவை இழுக்கின்றன. அப்போது முதுகு இருக்கையில் அழுந்தும் கிளர்ச்சி உண்மையானதே; நான் மறுக்கவில்லை. ஆனால் நம் சாலையில் அது இரண்டு மூன்று விநாடிகளில், முன்னால் போகும் பேருந்தின் பின்புறத்தில் முடிந்துவிடுகிறது.

கூடுவாஞ்சேரிக்குச் சற்று வடக்கே, இதே சாலையில், பெருங்களத்தூர்–வண்டலூர்ப் பகுதியில் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இயங்கிவந்தது. அங்கே 1961-இல் வெளிவரத் தொடங்கிய கார் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 948 சி.சி. எஞ்சின், ஏறத்தாழ 35 குதிரைத்திறன். ஆனால் அதன் முன்சக்கரங்கள் வியக்கத்தக்க அளவுக்குத் திரும்பும். சுமார் 7.6 மீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள் அது முழுவதுமாகத் திரும்பிவிடும். நான்கு சக்கரங்களும் தனித்தனியே ஏறி இறங்கும். ஸ்டியரிங்கைத் தொட்டவுடன் வண்டி பேச்சைக் கேட்கும்.

அதே நிறுவனம் 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரை வெளியிட்டது. பிரிட்டிஷ் ரோவர் காரின் அழகிய உடல். உள்ளே 1940-களின் வான்கார்டு காரின் வழிவந்த 1991 சி.சி. எஞ்சின். திறன் 83. ஹெரால்டைப் போல இரு மடங்குக்கும் மேல்! எடைக்கு வகுத்துப் பார்த்தாலும் இதுவே வெல்லும். இருந்தும் மந்தமான கார் என்றுதான் அது பெயரெடுத்தது. 1988-இல் தொழிற்சாலையே கார் உற்பத்தியை நிறுத்தியது. வெறும் எண் எதையும் உறுதி செய்வதில்லை.

இன்னொரு சான்று. 1983-இல் வந்த மாருதி 800-இன் எஞ்சினுக்கு 796 சி.சி.; 40 குதிரைத்திறன்கூட இல்லை. கோயம்புத்தூர் கரிவர்தன் அந்த எஞ்சினையே வைத்து, கூரையும் கதவும் இல்லாத, தரையோடு தாழ்ந்த ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். ஃபார்முலா மாருதி என்பது அதன் பெயர். குடும்பக் காரின் சிறு எஞ்சின், எடையைக் கழித்ததும் பந்தயக் குதிரையாயிற்று. 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் நுழைந்த முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் பழகியது இத்தகைய காரில்தான்.

ஐந்து பேரையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு ஏற்காடு மலை ஏறினால் சிறு கார் இரண்டாம் கியரில் முனகும் என்பது மெய்தான். அதற்கும் சேர்த்தே சொல்கிறேன்: ஆயிரம் கிலோவுக்கு 50, 60 குதிரைகள் போதும். அதற்குமேல் காசு இருந்தால் நல்ல பிரேக்குக்கும் டயருக்கும் செலவிடலாம்.

ஏனெனில் நிறுத்துவதற்குக் குதிரைகள் உதவா. நல்ல பிரேக் உள்ள கார், 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கச் சுமார் 20 மீட்டர் வேண்டும். 120-லிருந்து 80 மீட்டர். பிரேக்கை மிதிப்பதற்கு முன் கடக்கும் தூரம் இதில் சேராது. ஜி.எஸ்.டி. சாலையைக் குறுக்கே கடந்து பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு இந்த 60 மீட்டர் வேறுபாடு சிறியதன்று.

சென்னையில் நடக்கும் பழைய கார் அணிவகுப்புகளில் ஹெரால்டு கண்ணில் பட்டால், அது குறுகிய இடத்தில் திரும்பும்போது முன்சக்கரங்களைக் கவனியுங்கள். ஓட்டுபவரின் முகத்தையும்.