பூட்டுக்கும் உரிமமா?

1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி, வானலைக் கருவிகளை உரிமமின்றி இந்நாட்டுக்குள் இறக்குமதி செய்தலாகாது. அலைகள் ஒன்றோடொன்று மோதாதிருக்க ஒழுங்கு வேண்டும். அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால், செய்தியைப் பிறர் படிக்கவொண்ணாது மறைக்கும் குறியீட்டுப் பூட்டு இன்று அக்கருவிகள் பலவற்றுள் அடங்கியிருக்கின்றது. கமக்காரரின் வங்கிக் கணக்கும் வைத்தியரின் நோயாளிக் குறிப்பும் அப்பூட்டையே நம்பியுள்ளன. கருவியைத் தடுப்போர் பூட்டையும் தடுக்கலாம். "பாதுகாப்பு" என்ற ஒரு சொல் போதும்.

மன்னார் மக்கள் அச்சொல்லை நன்கறிவர். 1990களில், புலிகள் வசமிருந்த பெருநிலத்து ஊர்களுக்குப் பற்றறியும் யூரியாவும் தடுக்கப்பட்டன, வெடிக்கு உதவுமாம்! வயல் உரமிழந்தது, வானொலி ஊமையாயிற்று. போரோ 2009 வரை நீடித்தது. குறியீட்டு நுட்பத்தைப் போர்த்தளபாடப் பட்டியலில் வைத்திருந்த அமெரிக்காவே 1996இல் அதனை வணிகத் திணைக்களத்திடம் ஒப்படைத்தது.

நாம் கேட்பது இதுவே: உரிமம் மறுக்கப்படின், காரணத்தை எழுத்தில், தமிழில் தருக, அதனை நீதிமன்றில் எதிர்க்க வழியும் விடுக.